கைக்குழந்தையுடன் தனியாக விமானத்தில்: டிக்கெட் எடுப்பதிலிருந்து இறங்கும்வரை

கைக்குழந்தையோடு விமானத்தில் போவது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி, கூடவே இன்னொரு பெரியவர் வருகிறார் என்ற நினைப்பில் சொல்லப்பட்டவை. ஒருவர் பெட்டியைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் டயப்பர் மாற்றலாம் என்பார்கள். தனியாகப் போகிறவருக்கு அந்த இன்னொருவர் கிடையாது. குழந்தை அழுவதுகூடப் பெரிய விஷயமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டே பாஸ்போர்ட்டை எடுப்பது, தள்ளுவண்டியை மடிப்பது, கழிப்பறைக்குப் போவது, இவைதான் ஆளைக் களைத்துப்போக வைக்கும். எல்லாச் சிக்கலும் கடைசியில் "கை போதவில்லை" என்பதில் வந்து நிற்கும். அதனால் எதை வாங்கினாலும், எந்த இருக்கையைத் தேர்ந்தெடுத்தாலும், "இதை ஒரு கையால் சமாளிக்க முடியுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2 வயது நிரம்பாத, மடியில் உட்கார்ந்து வரும் குழந்தையை மனதில் வைத்தே கீழே உள்ளதை எழுதுகிறேன். நான் அலைந்து தெரிந்துகொண்டவை இவை. நீங்கள் அலைய வேண்டாம்.

1. குழந்தையின் பாஸ்போர்ட், விசா

வெளிநாட்டுப் பயணத்துக்குப் பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். போகிற நாட்டுக்கு உங்களுக்கு விசா தேவை என்றால் குழந்தைக்கும் பெரும்பாலும் தேவைப்படும். உங்களிடம் பழைய விசா இருக்கிறது என்பதால் குழந்தைக்கும் அது போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதில் நேரத்தைத் தின்பது புகைப்படம். படத்தில் தாங்கிப் பிடிக்கும் கையோ, பொம்மையோ, தலைக்குப் பின்னால் நிழலோ தெரிந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். வெள்ளை விரிப்பில் குழந்தையைப் படுக்கவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் நேர் மேலிருந்து எடுங்கள். பால் குடித்து முடித்த அரைமணி நேரம்தான் நல்ல நேரம்.

பல நாடுகளில் சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். விண்ணப்பத்துக்குத் தாய், தந்தை இருவர் சம்மதமும் கேட்பார்கள். ஒருவர் வேறு ஊரில் இருந்தால் அந்தக் கையெழுத்தை வாங்குவதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் என்றால், பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே எடுப்பது நல்லது. பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் மீதம் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. இந்தக் கணக்கை உங்கள் பாஸ்போர்ட்டுக்கும் போட்டுப் பாருங்கள். குழந்தையின் பாஸ்போர்ட் பரபரப்பில் பெரியவருடையதைப் பார்க்கவே மறந்துபோகும்.

2. மற்ற பெற்றோரின் சம்மதக் கடிதம்

தனியாகப் போகிறவர் மட்டும் கவலைப்பட வேண்டிய காகிதம் இது. குழந்தையை ஒரு பெற்றோர் மற்றவருக்குத் தெரியாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காகக் குடிவரவு அதிகாரிகள் கேள்வி கேட்கலாம். எல்லோரையும் கேட்பதில்லை. ஆனால் கேட்கும்போது கடிதம் இல்லையென்றால் கவுன்டரிலேயே நிற்க வேண்டிவரும், சில இடங்களில் பயணமே நின்றுபோகும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், போகும் நாடு, போய்வரும் தேதிகள், மற்ற பெற்றோரின் பெயர், தொலைபேசி எண், "இந்தப் பயணத்துக்கு எனக்குச் சம்மதம்" என்ற ஒரு வாக்கியம், கையெழுத்து. இதை நோட்டரியிடம் சான்று பெற்று வையுங்கள். நோட்டரி கட்டணம் சின்னச் செலவுதான். கையெழுத்துப் போட வேண்டியவர் நேரில் வர வேண்டும் என்பதால், நாளை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

இதோடு இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழை வையுங்கள். உங்கள் பெயரின் கடைசிப் பகுதியும் குழந்தையினுடையதும் வேறாக இருந்தால், நீங்கள்தான் பெற்றோர் என்பதற்கு அதுதான் கையில் உள்ள சான்று. மற்ற பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ், பிரிந்து வாழ்ந்தால் பராமரிப்பு உரிமை பற்றிய நீதிமன்ற உத்தரவு. சான்றிதழ் ஆங்கிலத்திலோ போகும் நாட்டு மொழியிலோ இல்லையென்றால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வேண்டும். எல்லாவற்றையும் கைப்பேசியில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிக் காகிதத்தைச் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

3. டிக்கெட்: மலிவு போலத் தெரிவது

மடியில் வரும் குழந்தைக்கும் டிக்கெட் உண்டு. சர்வதேசப் பயணத்தில் வழக்கமாகப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம், அதன்மேல் வரிகள். பல மலிவுக் கட்டண நிறுவனங்கள் சதவீதம் பார்க்காமல் ஒவ்வொரு வழிக்கும் ஒரே தொகை வாங்கும். டிக்கெட் மலிவாகக் கிடைத்த நாளில் அந்தத் தொகை உங்கள் டிக்கெட் விலையை நெருங்கிவிடக்கூடும். விமானப் பயணங்களில் சேர்ந்த புள்ளிகளைக் கொடுத்து டிக்கெட் எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி: அந்த 10 சதவீதத்தை நீங்கள் கொடுத்த புள்ளிகளின்மேல் போடாமல், அந்த வகுப்பின் முழுப் பணக் கட்டணத்தின்மேல் போடும் நிறுவனங்கள் உண்டு. பிசினஸ் வகுப்பில் இது கண்ணைக் கட்டும் தொகை.

குழந்தையின் பெயரை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு விமானத்தில் எத்தனை மடிக் குழந்தைகள் வரலாம் என்பதற்கு வரம்பு உண்டு. இருக்கைத் தொகுதி ஒவ்வொன்றிலும் கூடுதலாக இருக்கும் ஆக்சிஜன் முகமூடியின் எண்ணிக்கையும் அதற்கு ஒரு காரணம். இடைத்தரகர் தளத்தில் டிக்கெட் எடுத்துவிட்டுக் குழந்தையைச் சேர்க்கக் கேட்டால், விமான நிறுவனம் "எடுத்த இடத்தில் கேளுங்கள்" என்னும், அவர்கள் "நிறுவனத்தைக் கேளுங்கள்" என்பார்கள். இந்தப் பந்தாட்டத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், இரண்டு பெயரையும் ஒரே முறையில் போட்டு எடுங்கள். வந்த மின்னஞ்சலில் குழந்தைக்குத் தனி டிக்கெட் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் சில:

ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தைக்குத்தான் அனுமதி. இரட்டைக் குழந்தைகள் என்றால் ஒன்றுக்குத் தனி இருக்கையும் விமானத்துக்கு ஒப்புதல் பெற்ற கார் சீட்டும் (குழந்தையைப் பட்டையால் கட்டி உட்காரவைக்கும் சிறு இருக்கை) வேண்டும். இரண்டு சிசுக்களோடு ஒரே பெரியவரை ஏற்றாத நிறுவனங்களும் இருக்கின்றன.

போகும்போது 23 மாதம், திரும்பும்போது 2 வயது தாண்டிவிடும் என்றால், திரும்பும் வழிக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும்.

பிறந்து 7 நாள் அல்லது 14 நாள் ஆகாத குழந்தையைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் நாள் கணக்கை விட்டுவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

கையில் பணம் இருந்தால் குழந்தைக்கும் இருக்கை வாங்கிக் கார் சீட்டில் உட்காரவைப்பதுதான் பாதுகாப்பு. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ பரிந்துரைப்பதும் அதைத்தான். தனியாகப் போகிறவருக்கு இதில் இன்னொரு லாபம், இரண்டு கையும் சும்மா இருக்கும். ஆனால் அந்தக் கார் சீட்டை விமான நிலையம் முழுக்க நீங்களே சுமக்க வேண்டும். நீண்ட பயணம், இடையில் விமானம் மாறத் தேவையில்லை என்றால் வாங்கலாம் என்பேன். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு வேண்டாம்.

4. இருக்கை: தொட்டிலா, ஜன்னலா?

நீண்ட தூர விமானங்களில் தடுப்புச் சுவருக்கு நேர் எதிரே உள்ள வரிசையில் பாசினெட் எனப்படும் தொட்டிலை மாட்டித் தருவார்கள். எண்ணிக்கை குறைவு. டிக்கெட் எடுத்த அன்றே தொலைபேசியில் கேட்டு, பதிவானதை எழுத்தில் வாங்குங்கள். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பல இடங்களில் 10, 11 கிலோவை ஒட்டி இருக்கும், நீளத்துக்கும் வரம்பு உண்டு. முன்பதிவு செய்திருந்தாலும் விமானம் மாறினால் தொட்டில் போய்விடும். பயணத்துக்கு முந்தைய நாள் மறுபடி கேளுங்கள்.

தொட்டில் வரிசையைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்களுக்கு முன்னால் இருக்கை கிடையாது, ஆகவே பையை வைக்கக் கீழே இடமும் கிடையாது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் உங்கள் பை மேலே உள்ள பெட்டிக்குள் போய்விடும். டயப்பர், பால்புட்டி, துடைக்கும் துணி எல்லாம் கைக்கெட்டாத உயரத்தில். அவசரத்துக்கு வேண்டியதை ஒரு சின்னப் பையில் போட்டு மடியிலோ சுவர்ப் பையிலோ வையுங்கள். சாப்பாட்டு மேசை கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடியும் மேலே தூக்காது. விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், பெரும்பாலான நிறுவனங்களில் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைக்கச் சொல்வார்கள், அப்போதுதான் தூங்கியிருந்தாலும் சரி.

இவ்வளவு இருந்தும் தனியாகப் போகிறவர் இரவு விமானத்தில் தொட்டில் கேட்பதே மேல். சாப்பிடும் பத்து நிமிடம் கை காலியாகிறதே, அது போதும். தொட்டில் கிடைக்காவிட்டால் ஜன்னலா, நடைபாதை ஓரமா என்ற கேள்வி வரும். தாய்ப்பால் கொடுப்பவருக்கு ஜன்னல் ஓரம் மறைவாக இருக்கும். குழந்தை தவழவோ நடக்கவோ ஆரம்பித்துவிட்டால் நடைபாதை ஓரம்தான், அடிக்கடி எழுந்திருக்க வேண்டிவரும். ஆனால் சூடான தேநீர் உள்ள வண்டி அந்தப் பக்கமாகத்தான் போகும், குழந்தையின் கையையும் காலையும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

5. மருத்துவரிடம் ஒரு முறை

இரண்டு மூன்று வாரம் முன்பே போங்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் 6 முதல் 11 மாதக் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியில் ஒரு தவணையை முன்கூட்டியே போட அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பரிந்துரைக்கிறது. காதில் தொற்று, மூக்கடைப்பு இருந்தால் அதையும் காட்டுங்கள். காய்ச்சல் மருந்தின் அளவைக் குழந்தையின் இப்போதைய எடைக்கு ஏற்ப எழுதி வாங்குங்கள்.

தூங்கவைக்க ஒவ்வாமை மருந்து கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். சில குழந்தைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் படபடப்பைத் தரும், சிசுக்களுக்கு மூச்சுச் சிக்கலும் வரலாம். அதைத் தனியாக நடுவானில் எதிர்கொள்ளும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

6. பை கட்டுவது

தோளில் மாட்டும் பை வேண்டாம், குனியும்போதெல்லாம் முன்னால் வந்து விழும். முதுகுப்பை ஒன்று, நெஞ்சோடு குழந்தையைக் கட்டும் பேபி கேரியர் ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு இடுப்பிலோ குறுக்காகவோ மாட்டும் சின்னப் பை ஒன்று. இவ்வளவுதான் கையோடு. உருட்டும் பெட்டி உட்பட மற்ற எல்லாவற்றையும் செக்-இன் செய்துவிடுங்கள். மேலே உள்ள பெட்டியில் பையைத் தூக்கி வைக்கப் பணிப்பெண்கள் உதவியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

டயப்பரைப் பயண நேரத்தில் 2 மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, தாமதத்துக்கு நான்கைந்து சேர்த்து வையுங்கள். குழந்தைக்கு இரண்டு மாற்று உடை, உங்களுக்கு ஒரு மேல்சட்டை. பலர் தங்களுக்கு எடுக்க மறப்பார்கள். வாந்தி என்று ஒன்று வந்தால் அது உங்கள்மேல்தான் விழும். ஒரு டயப்பர், கொஞ்சம் ஈரத்துடைப்பான், ஒரு விரிப்பு, அழுக்குக்கு ஒரு பிளாஸ்டிக் பை என்று சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிவிட்டால், கழிப்பறைக்கு முழுப் பையையும் தூக்கிப் போக வேண்டாம்.

பால், தண்ணீர் விஷயம். 100 மில்லி திரவ வரம்பு குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பொதுவாகப் பொருந்தாது. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம், ஆனால் சோதனையில் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் உறையவைத்த தாய்ப்பாலைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை, அமெரிக்காவில் அனுமதிக்கிறார்கள். திரும்பும் ஊரின் விதியையும் சேர்த்துப் பாருங்கள். பவுடர் பால் கொடுப்பவர்கள் ஒவ்வொரு வேளைக்கும் அளந்து தனித்தனி டப்பாவில் போட்டு வைத்தால், ஒரு கையால் கொட்டிக் கலக்கலாம்.

7. விமான நிலையத்தில்

கைக்குழந்தை இருந்தால் ஆன்லைன் செக்-இன் பல நேரம் முடியாது, கவுன்டருக்குத்தான் போக வேண்டும். சர்வதேசப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். கவுன்டரில் மூன்று காரியம்:

போர்டிங் பாஸில் குழந்தையைக் குறிக்கும் "ஐஎன்எஃப்" இருக்கிறதா, அல்லது தனிப் பாஸ் தந்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் வாயிலில் திருப்பி அனுப்புவார்கள்.

குழந்தைக்கு எவ்வளவு லக்கேஜ் என்பதை முன்பே படித்துக்கொண்டு போங்கள். சிலர் 10 கிலோ தருவார்கள், சிலர் ஒன்றும் தருவதில்லை. தள்ளுவண்டியையும் கார் சீட்டையும் பெரும்பாலான நிறுவனங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளும்.

தள்ளுவண்டியை விமானக் கதவுவரை கொண்டுபோகலாமா, அதைவிட முக்கியமாக, எங்கே திரும்பத் தருவார்கள் என்று கேளுங்கள். கதவருகே தந்தால் நல்லது. லக்கேஜ் பெல்ட்டில் வரும் என்றால், இறங்கியதிலிருந்து குடிவரவு வரிசை முடியும்வரை குழந்தை உங்கள்மேல்தான். கேரியர் இல்லாமல் அந்த வரிசையில் நின்று பார்த்தால் தெரியும்.

பாதுகாப்புச் சோதனையில் வண்டியை மடித்து எக்ஸ்ரேயில் போடச் சொல்வார்கள். முதலில் முதுகுப்பை, பால், கைப்பேசி எல்லாவற்றையும் தட்டில் வையுங்கள். குழந்தையை வண்டியிலிருந்து எடுப்பது கடைசி வேலை. மாற்றிச் செய்தால் பையைக்கூட ஒரு கையால் இறக்கிக்கொண்டு நிற்பீர்கள். வண்டியை ஒரு கையால் மடிக்க முடியுமா என்று வீட்டிலேயே பழகிப் பாருங்கள். கேரியரிலிருந்தும் குழந்தையை எடுக்கச் சொல்லலாம். நாடா இல்லாத காலணி போட்டுக்கொள்ளுங்கள். "கொஞ்சம் பிடியுங்கள்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் தட்டையோ வண்டியையோ நீட்டத் தயங்காதீர்கள். பெரும்பாலும் உதவுவார்கள். குழந்தையை நீட்டாமல் பொருளை நீட்டுங்கள்.

குழந்தையோடு இருப்பவர்களை முதலில் ஏறக் கூப்பிடுவார்கள். தனியாக இருக்கும்போது முதலில் ஏறுவது நல்லது, மேல்பெட்டியில் இடம் கிடைக்கும். ஏறுவதற்கு முன்னால் குழந்தைக்கு டயப்பர் மாற்றிவிட்டு, நீங்களும் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள்.

8. விமானத்துக்குள்

பெல்ட். உங்கள் பெல்ட்டைக் குழந்தைக்கும் சேர்த்துப் போடக் கூடாது, திடீரென்று நின்றால் உங்கள் உடல் எடை முழுவதும் குழந்தைமேல் அழுந்தும். பல நாட்டு நிறுவனங்கள் உங்கள் பெல்ட்டில் கோக்கும் சின்ன வளையப் பெல்ட் தரும், அமெரிக்க நிறுவனங்களில் அது இல்லை. விமானம் மேலே கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் குழந்தையைக் கேரியரில் கட்டியபடி வைத்திருக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

காது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் காது வலிக்கும். தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் முன்பே இறக்கம் ஆரம்பித்துவிடும். அறிவிப்பு வந்ததும் பாலோ சூப்பானோ கொடுங்கள், விழுங்கும்போது காதின் அழுத்தம் சரியாகும். ஏறும்போது ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கும்வரை பொறுங்கள். வரிசையில் காத்திருக்கும்போதே கொடுத்தால் மேலே கிளம்புவதற்குள் வயிறு நிறைந்துவிடும். தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை, அசௌகரியமாக இருந்தால் தானே எழும்.

பால்புட்டி. கேபினில் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போலத்தான் வைக்கப்படும். அதனால் தரையில் மூடிய புட்டியைத் திறந்தால் பால் பீய்ச்சியடிக்கும். மூடியை மெல்லத் தளர்த்திக் காற்றை விட்டுவிட்டுத் திறங்கள். புட்டியைச் சூடாக்கக் கோப்பையில் வெந்நீர் கேட்டால் பாதி அளவுக்கே ஊற்றச் சொல்லுங்கள், அதையும் குழந்தை மடியில் இருக்கும்போது கையில் வாங்காதீர்கள். காற்று மிகவும் வறண்டிருக்கும், அடிக்கடி பால் கேட்பது இயல்பு. நீங்களும் தண்ணீர் குடியுங்கள்.

கழிப்பறை. எல்லாக் கழிப்பறையிலும் டயப்பர் மாற்றும் பலகை இருக்காது, சிறிய விமானத்தில் ஒன்றில் மட்டும் இருக்கலாம். உட்கார்ந்ததும் எது என்று கேட்டு வையுங்கள். நீங்கள் போக வேண்டும் என்றால் கேரியரில் குழந்தையைக் கட்டிக்கொண்டு போவதே உறுதியான வழி, அதற்கேற்ற தளர்வான உடை போடுங்கள். பணியாளர்களில் சிலர் வைத்துக்கொள்வார்கள், சிலர் மறுப்பார்கள். சாப்பாடு பரிமாறும் நேரம் பார்த்துக் கேட்காதீர்கள்.

ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, அப்புறம் குழந்தைக்கு. தனியாக இருக்கும்போது இதை மாற்றிச் செய்யவே கூடாது.

அழுகை. அழும். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காதடைப்பானும் மிட்டாயும் கொடுக்கும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதைக் கட்டும் நேரத்தில் தூங்கலாம். எழுந்து பின்பக்கம் போய் நின்று ஆட்டுங்கள், போதும்.

9. இடையில் விமானம் மாறினால்

முடிந்தால் நேரடி விமானம், கொஞ்சம் கூடுதல் காசு ஆனாலும். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரமாவது வேண்டும். கடைசியாக இறங்குவீர்கள், டயப்பர் மாற்றுவீர்கள், மறுபடி சோதனை வரிசை. தள்ளுவண்டியைக் கடைசி ஊருக்கே சீட்டு ஒட்டிவிட்டார்களா என்று முதல் கவுன்டரிலேயே கேளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும், இடை நாட்டின் விசாவும் தேவைப்படலாம், குழந்தைக்கும் சேர்த்து. மலிவு என்று அப்படி எடுக்காதீர்கள்.

10. இறங்கிய பின்

அவசரப்பட்டு எழாதீர்கள், எல்லோரும் போகட்டும். குடிவரவில் குடும்பங்களுக்குத் தனி வரிசை இருக்கிறதா என்று ஊழியரிடம் கேளுங்கள், பலகை இல்லாவிட்டாலும் விடுவதுண்டு. சம்மதக் கடிதத்தைக் கேட்டால் மட்டும் நீட்டுங்கள். அழைத்துப்போக வருபவரிடம் கார் சீட் இருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன்பே உறுதிசெய்துவிடுங்கள்.

தள்ளுவண்டி உடைந்து வந்தால் நிலையத்தைவிட்டு வெளியேறும் முன்பே லக்கேஜ் கவுன்டரில் எழுதிக்கொடுத்து எண் வாங்குங்கள். வண்டியை ஒப்படைக்கும் முன் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அது இங்கே உதவும். சர்வதேசப் பயணத்தில் விமான நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், பெட்டி தாமதமாக வந்ததற்கு அது கையில் கிடைத்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.